கூட்ஸ் வண்டி வந்தாலும் கேட்காத ஹெட்போன்

இனிமேல் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்குக் காது கேட்காது என்று முடிவு பண்ணினேன்.

பெரிய முடிவுதான். சன்னியாசம் போகிறவன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். அவன் வீட்டை விட்டுப் போய்விடலாம். நான் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு போக வேண்டும்.

என் பேர் ஜெயவேல். கொருக்குப்பேட்டை யார்டில் ரயில்வே வேலை பார்த்தேன். கூட்ஸ் வண்டி வந்து நின்றதும் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவேன். ‘டங்’ என்றால் நல்ல சக்கரம். ‘டொக்’ என்றால் எங்கேயோ விரிசல். படிப்பு ஆறாவதோடு சரி. காதை வைத்துத்தான் குடும்பம் நடத்தினேன். ரிட்டயர் ஆனதும் அந்தக் காதுக்கு வேலை இல்லாமல் போய்விடுமோ என்று கொஞ்சம் கவலைப்பட்டேன்.

கவலையே வேண்டாம் என்றாள் ரமாபாய். இப்படி வார்த்தையாகச் சொல்லவில்லை. வேலைக்குக் கூப்பிட்டே சொன்னாள்.

“யோவ், தண்ணி வந்துட்ச்சு, குடத்த வையி.”

“யோவ், மாவு மெசினுக்குப் போயிட்டு வா.”

“யோவ், சொம்மாதான குந்திகினுகீறே, இந்த வெங்காயத்த உரி.”

ரமாபாய் என் சம்சாரம். குரலை உயர்த்தவே மாட்டாள். அதுதான் பேஜாரு. கத்துகிறவளாக இருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சண்டை போட்டு, கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடலாம். இவள் வாழைப்பழத்தை உரிக்கிற மாதிரி மெதுவாகச் சொல்லுவாள். சொன்ன வேலை முடிந்த பிறகுதான் நான் செய்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியும்.

நான் சோம்பேறி இல்லை. எனக்குப் பாட்டுப் பைத்தியம், அவ்வளவுதான். யார்டில் இருந்தவரைக்கும் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. டீக்கடை ரேடியோவில் பல்லவி வரும். சரணம் வருவதற்குள் இஞ்சின் வந்துவிடும். எத்தனையோ பாட்டுக்கு எனக்குத் தலை தெரியும், உடம்பு தெரியாது. சரி, ரிட்டயர் ஆகிக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். வீட்டுக்குள் இஞ்சின் வராது. சரணம் வருகிற நேரத்துக்குச் சரியாக ‘யோவ்’ வரும்.

அதனால்தான் ஹெட்போன். நல்ல ஹெட்போன். பாட்டையும் கேட்கலாம். கூப்பிட்டால் கேட்கவில்லை என்றும் சொல்லலாம்.

ஒரு நாள் அவள் பீன்ஸ் நறுக்கும்போது பேச்சை எடுத்தேன்.

“ம்மே, ஒரு ஹெட்போன் வாங்கலாம்னு கீறேன்.”

“எதுக்கு?”

“பாட்டு கேக்க.”

“இப்ப எதால கேட்டுகினுகீறே? மூக்காலயா?”

“போன்ல வர்றது பாட்டாம்மே? கொசு பாடற மாதிரி கீது.”

“கொசு துட்டு கேக்காது. இது எவ்ளோ கேக்குது?”

“மூவாயிரத்துக்குள்ள பாத்துக்கறேன்.”

அவள் கத்தியை நிறுத்திவிட்டு என் தலையைப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை.

“இந்தத் தலைக்கா?”

“உனக்குத்தாம்மே நல்லது. டிவிய நீ எவ்ளோ சத்தமா வேணா வச்சிக்கலாம். நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். நல்ல ஹெட்போன மாட்னா கூட்ஸ் வண்டி வந்தாகூடக் கேக்காது.”

“நான் கூப்ட்டா?”

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

“அதாம்மே எனக்கும் கஷ்டமா கீது. கேக்காது.”

“ஒண்ணுமே கேக்காதா?”

“துளிகூட.”

அவள் ரெண்டு பீன்ஸ் நறுக்கினாள். “வாங்கிக்க” என்றாள்.

ஒரே வார்த்தை. புடவைக்கடையில் ஜாக்கெட் துணிக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிறவள், மூவாயிரத்துக்கு ஒரே வார்த்தை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு சந்தில் ஹுமாயூன் கடை. அவன் ரேடியோ ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்த காலத்திலிருந்து எனக்கு தோஸ்து. நான் போய் நிற்கும்போது அவன் தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான்.

“மாமு, தொழுகைக்கு நேரமாய்ட்ச்சு. என் பொண்ணு ரிஃபானா கீது. அத்தக் கேளு, என்னவிட நல்லாச் சொல்லும்” என்று சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி விட்டுவிட்டுப் போனான்.

ரிஃபானா காலேஜ் முடித்த பெண். மூக்குக் கண்ணாடி. என்னை உட்கார வைத்து, டாக்டர் மாதிரி விசாரித்தாள்.

“என்ன பட்ஜெட் அங்கிள்?”

“மூவாயிரம். அதுக்கு மேல போனா வூட்டுக்குள்ள வுட மாட்டா.”

“ப்ளூடூத் வேணுமா, ஒயர் வச்சதா?”

“எதும்மா நல்லது?”

“இந்த வெலைல ப்ளூடூத்துன்னா பாதித் துட்டு பேட்டரிக்கே போயிடும். ஒயருன்னா மொத்தத் துட்டும் பாட்டுக்குத்தான். நீங்க ஒரே எடத்துல உக்காந்துதானே கேப்பீங்க?”

“ஒரே எடம்தான். எழுந்திருக்கவே கூடாதுன்னுதான் வாங்கறேன்.”

மூன்று எடுத்து வைத்தாள். நான் என் செல்போனில் எனக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டைப் போட்டு, சக்கரம் தட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதல் ஹெட்போனில் சிவப்பு விளக்கு, நீல விளக்கு எல்லாம் எரிந்தது. மாட்டினேன். மேளக்காரன் என் மூளைக்குள் உட்கார்ந்துகொண்டு அடித்தான். பாடுகிறவரைக் காணோம். கல்யாண மண்டபத்தில் சாப்பிடப் போய்விட்டார்போல. டொக்!

ரெண்டாவது கறுப்பு. மெத்தை வைத்து, காதை இறுக்கமாகப் பொத்திக்கொண்டது. “இது வெளிச் சத்தத்த நல்லா அடைக்கும் அங்கிள்” என்றாள். அடைத்தது. பாட்டையும் சேர்த்து அடைத்தது. தண்ணித் தொட்டிக்குள் இறங்கி நின்றுகொண்டு பாடுகிற மாதிரி இருந்தது.

மூன்றாவதுக்கு ரெண்டு பக்கமும் டீ வடிகட்டி மாதிரி வலை. பார்க்க ஒன்றும் இல்லை. மாட்டினேன். பாட்டு ஆரம்பித்தது.

என்ன சொல்வேன். அந்தப் பாட்டில் பல்லவி முடிந்து சரணம் எடுப்பதற்கு முன்னால் பாடுகிற அம்மா லேசாக ஒரு மூச்சு வாங்குகிறாள். இத்தனை வருஷம் கேட்கிறேன், அவள் மூச்சு வாங்குவாள் என்பதே எனக்குத் தெரியாது. அவளுக்குப் பின்னால் ஒருத்தன் வயலினை ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டு நிறுத்துகிறான். அவன் யாரோ, எவரோ. அந்த ஒரு இழுப்புக்காக அன்றைக்கு ஸ்டூடியோவுக்கு பஸ் ஏறி வந்திருப்பான். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

டங்!

“இதாம்மா” என்றேன்.

“அங்கிள், ஒண்ணு சொல்லிடறேன். இது பின்னாடி தொறந்த மாடல். அதனாலதான் பாட்டு இவ்ளோ நல்லாக் கேக்குது. ஆனா...”

“பாப்பா, மயிரிழை விரிசல காதாலயே கண்டுபுட்ச்ச ஆளு நான். எனக்கு நீ சொல்லணுமா?”

“இல்ல அங்கிள், வெளிய இருக்கற சத்தம்...”

“வெளிய ஏதும்மா சத்தம்? ஒண்ணுமே கேக்கலியே!”

நிஜமாகவே கேட்கவில்லை. அந்தச் சந்து எப்படிப்பட்ட சந்து! லோடு ஆட்டோ, மீன்பாடி வண்டி, மூட்டை தூக்குகிறவர்கள், ஆரன் சத்தம். அவ்வளவும் காணாமல் போயிருந்தது. ஹெட்போனைக் கையில் எடுத்து ஒரு தடவை தடவிக்கொடுத்தேன்.

ரிஃபானா சிரித்தாள். “நீங்க பெரியவங்க” என்று சொல்லி பெட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

வெளியே வந்தேன். கொஞ்ச தூரம் நடப்பதற்குள் சந்து முழுக்க இரைச்சல். ‘அடேயப்பா, இவ்வளவு சத்தமும் உள்ளே நுழையவில்லையே’ என்று பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நாற்காலியைப் போட்டேன். எதிரே சுவரில் புத்தர் படம். பக்கத்தில் ரமாபாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு. ஹெட்போனை மாட்டினேன். பல்லவி. மூச்சு. சரணம்.

தடக் தடக், தடக் தடக்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஐம்பது பெட்டியும் போனது. அது போன பிறகு குக்கர் விசில். அதற்கப்புறம் பக்கத்து வீட்டு முத்தம்மா பூனையைத் திட்டுவது. வலை வழியாக எல்லாம் வரிசையில் நின்று உள்ளே வந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெள்ளிக்கிழமை மத்தியானம். அந்தச் சந்திலே ஆட்டோ ஓட்டுகிறவன், மூட்டை தூக்குகிறவன், ஆரன் அடிக்கிறவன் எல்லோரும் ஹுமாயூனோடு பள்ளிவாசலில் இருந்திருக்கிறார்கள். நான் ஆளில்லாத சந்தில் உட்கார்ந்துகொண்டு ஹெட்போனைப் பாராட்டியிருக்கிறேன்.

“யோவ்.”

தெளிவாகக் கேட்டது. சுருதிகூட விலகவில்லை.

“யோவ், தண்ணி வந்துட்ச்சு.”

திரும்பினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ‘கூட்ஸ் வண்டி வந்தாகூடக் கேக்காதுன்னியே’ என்பாள். மூவாயிரத்துக்கு ஏமாந்து வந்தவன் என்பாள். அதோடு போகுமா? என் சாயங்காலமும் போகும். ஒரு மணி நேரம் போகும். அந்த அம்மா மூச்சு வாங்குவதைக் கேட்கவே முடியாது.

திரும்பவில்லை. தலையைப் பாட்டுக்கு ஆட்டினேன். முகத்தை எதிரே இருந்த புத்தரைப் பார்த்து அதே மாதிரி வைத்துக்கொண்டேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவளே குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜெயித்துவிட்டேன்!

ஒரு வாரம் ராஜ வாழ்க்கை. கூட்ஸ் வண்டியோடு சேர்த்துப் பாட்டு கேட்டேன். பழகிவிட்டால் அதுவும் ஒரு தாளம்தான். வாசலில் சிலிண்டர்காரன் வந்து கத்தினான், கேட்கவில்லை. ரமாபாய் கூப்பிட்டாள், கேட்கவில்லை. என்னை மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருந்தவன் இந்தக் கொருக்குப்பேட்டையிலேயே கிடையாது.

அடுத்த வாரம் முத்தம்மா வந்தாள்.

“அண்ணாத்த இன்னாக்கா, ஏரோப்ளேன் ஓட்றாரா?”

“ஹெட்போனு. மாட்னா கூட்ஸ் வண்டிகூடக் கேக்காதாம்.”

“நெசமாவா? அப்ப இன்னா வேணா பேசலாமா?”

“பேசு.”

முத்தம்மா என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். “அண்ணாத்தே, நீ வுடற கொறட்டைல எங்க வூட்டு சொவுரு வெடிச்சிகினு கீது. சிமிண்டுக்கு நீதான் துட்டு தரணும்.”

புத்தர் அசையவில்லை.

“அட, ஆமாக்கா! செவுடேதான்!”

ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் சரணத்தில் இருந்தேன். கால் கட்டை விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ரமாபாய் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள்.

“இவருக்கு முன்ன எனக்கு எர்ணாவூர்ல ஒரு மாப்ள பாத்தாங்க முத்தம்மா. எண்ணெய்க் கம்பெனில வேல. நல்லாப் பாடுவாரு.”

கட்டை விரல் நின்றுவிட்டது.

நான் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது. ரமாபாய் அரிசியிலிருந்து கண்ணை எடுத்து என் காலைப் பார்த்தாள். அவசரமாக மறுபடி ஆட்டினேன். தாளம் தப்பிவிட்டது.

“பேரு இன்னாக்கா?” என்றாள் முத்தம்மா.

“இன்னொரு நாளு சொல்றேன்” என்றாள் ரமாபாய்.

இன்றுவரை அவன் பேர் எனக்குத் தெரியாது. அப்படி ஒருத்தன் இருந்தானா என்பதும் தெரியாது. எப்படிக் கேட்பேன்? எனக்குத்தான் கேட்கவில்லையே!

மறுநாள் சாயங்காலம் அதே நாற்காலி, அதே ரெண்டு பேர்.

“முத்தம்மா, உனக்கு விசயம் தெரியுமா?” என்று ரமாபாய் ஆரம்பித்தாள். “நாளைலருந்து ராத்திரி சமையல தானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு.”

“யாரு?”

“இதோ, இவருதான்.”

“அண்ணாத்தையா? சமையலா?”

“நான் வேணாம்னுதான் சொன்னேன். இத்தன வருசம் நீ ஆக்கிப் போட்டே, இனிமே குந்தி சாப்டுன்னு ஒரே புடியா நிக்கிறாரு. அவரு எதிர்லதான சொல்றேன். பொய்யின்னா இல்லன்னு சொல்ல மாட்டாரா?”

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே அந்த அம்மா பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வரியும் ஏறவில்லை.

ஒரு யுக்தி தோன்றியது. பாட்டு முடிந்தவன் மாதிரி ஹெட்போனைக் கழற்றினேன். சோம்பல் முறித்தேன்.

“இன்னாம்மே, ரொம்ப நேரமா பேசிகினுகீறீங்க?”

“ஒண்ணுமில்லயே” என்றாள் ரமாபாய். “கத்திரிக்கா வெலையப் பத்தி.”

“கத்திரிக்காயா?”

“ஏன், வேற எதுனா கேட்டுச்சா?”

“எனக்கு எங்க கேக்குது!” என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

“கொழம்பு, ரசம், பொரியலு எல்லாமே அவருதானாம்” என்றாள் ரமாபாய்.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனேன். குழாயடியில் நாலு பொம்பளைகள் என்னை வழி மறித்தார்கள்.

“அண்ணாத்தே, ஆம்பளன்னா நீதான்!”

“எங்க வூட்டுக்காரருக்கு ஒரு டம்ளரு கழுவத் தெரியாது. நீ வந்து கொஞ்சம் புத்தி சொல்லு.”

“ரமாக்கா குட்த்து வச்சவ.”

அப்போதாவது ‘நான் எப்போ சொன்னேன்?’ என்று கேட்டிருக்கலாம். கேட்க வாயைத் திறந்தேன். ஆனால் என்னை யாரும் இப்படிப் புகழ்ந்ததே இல்லை. யார்டில் எவ்வளவோ விரிசல் கண்டுபிடித்திருக்கிறேன், ஒருத்தன் ‘சபாஷ்’ சொன்னதில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னால் மனுஷனுக்குத் தாங்குமா? திறந்த வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

“இதுல இன்னா கீது? நம்ம வூட்டு வேலதான.”

சாயங்காலம் வந்தது. அடுப்பு பற்றவைக்கவில்லை. ரமாபாய் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“யோவ், தெருவே உன்னப் பத்திதான் பேசுதாம்.”

“பேசுது, பேசுது.”

“கத்திரிக்கா கூடைல கீது.”

“ம்மே, நெசமாச் சொல்லு. நான் ஒத்துக்கினேன்னு யாருகிட்டயாவது நீ சொன்னியா?”

“சொன்னேனே. முத்தம்மாகிட்ட. நீ எதிர்லதான குந்திகினு இருந்தே. உனக்குக் கேக்கலியா?”

அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. கீரை உருவுகிற முகம். நான் கொஞ்சம் யோசித்தேன். கேட்டது என்றால், தண்ணிக் குடம், சிலிண்டர், ஒரு வாரத்துக் கணக்கு எல்லாம் வெளியே வரும்.

“கேக்கல” என்றேன்.

“ஒண்ணுமே கேக்கலியா?”

“துளிகூட.”

“அந்த எர்ணாவூர்க்காரரப் பத்திப் பேசனது?”

“எந்த எர்ணாவூர்க்காரன்?” கொஞ்சம் வேகமாகக் கேட்டுவிட்டேன்.

“ஒண்ணுமில்ல வுடு” என்றாள். “துட்டு வீணாப் போவல. இத்தக் குடு, நானும் ஒரு பாட்டு கேக்கறேன். நீ போயி கொழம்ப வையி.”

ஹெட்போனை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டாள். சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

நான் கத்திரிக்காயை வெட்டினேன். புளியைக் கரைத்தேன். ஏதோ ஒன்று கொதித்தது.

“ரமா, உப்பு எங்க கீது?”

டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

“ரமா! மொளகாத்தூளு எவ்ளோ போடணும்?”

அவள் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கரண்டியோடு அவள் எதிரே போய் நின்றேன். பின்னால் கூட்ஸ் வண்டி போயிற்று. ஆரன் அடித்தது. வீடே ஆடியது. அவள் இமைகூட அசையவில்லை. என்னைவிட நன்றாகச் செய்தாள். சுவரில் இருந்த புத்தரே அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

எல்லாம் கேட்கும் என்று எனக்குத் தெரியும். வலை வைத்த சாமான், பின்னால் திறந்த மாடல், கொசு போனால்கூடக் கேட்கும். ‘நடிக்காதம்மே, இதுல எல்லாமே கேக்கும்’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருப்பேன். அவள் மெதுவாகக் கண்ணைத் திறந்து, ‘உனக்கு எப்டித் தெரியும்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அதற்கு நான் எங்கே போவேன்?

கரண்டியால் முதுகைச் சொறிந்துகொண்டேன்.

“யோவ்” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலேயே. “அடி புடிக்கற வாசன வருது.”

அந்த வீட்டில் காது கேட்கிற ஆள் நான் ஒருத்தன்தான். ஓடினேன்.